டிசம்பர் பிள்ளையும் ஜனவரிப் பிள்ளையும்



ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஞாயிறு சமய வகுப்புக்கு மகளை அனுப்பும் அக்கா ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நீ யுனிவர்சிட்டியில படிக்கிற புள்ள. ஒன்னு கேக்கணும். பாப்பாவுக்கு அடுத்த வருசம் ஆறு வயசு. ஆறு வயசுலேயே முதலாம் ஆண்டுக்கு அனுப்பலாம்னு சொல்றாங்களே, அனுப்பட்டுமா, வேணாமா?"

நான் யோசிக்கவே இல்லை. "அனுப்புங்கக்கா. ஒரு வருசம் மிச்சம்தானே" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினேன். சாம்பார் நன்றாக இருந்தது. அது மட்டும்தான் அப்போது மனசில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பதிவேட்டைத் திறந்தபோதுதான் பாப்பாவின் பிறந்த தேதியைப் பார்த்தேன். 2021 நவம்பர் கடைசி வாரம். நெஞ்சு கொஞ்சம் திக்கென்றது. ஏன் திக்கென்றது என்பதுதான் இந்த மாதப் பாடம். உங்களிடமும் யாராவது ஒரு அக்கா இதே கேள்வியைக் கேட்பார். என்னைப் போல உளறாமல் இருக்க இது உதவும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2003 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியில் பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்திருந்தால் அந்த ஆண்டே முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும் என்பது விதி. நாம் பேச்சு வழக்கில் "ஏழு வயசுல ஸ்கூல்" என்று சொல்வது இதைத்தான். அதற்கு முன்னால் வருவது பாலர் பள்ளி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் நான்கு முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான கல்வியைப் பாலர் கல்வி என்று குறிக்கிறது. ஆனால் அதைக் கட்டாயம் ஆக்கவில்லை.

இப்போது இரண்டு கோடுகளும் நகர்கின்றன. 2025 ஜூலை 31 அன்று நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், ஐந்து வயதிலேயே கட்டாயக் கல்வி தொடங்க வேண்டும் என்று பேசியது. 2026 ஜனவரியில் பிரதமர் வெளியிட்ட 2026-2035 கல்வித் திட்டம், 2027 முதல் ஐந்து வயதில் பாலர் பள்ளி, ஆறு வயதில் முதலாம் ஆண்டு என்று அறிவித்தது. ஆறு வயதில் முதலாம் ஆண்டுக்கு அனுப்புவது பெற்றோரின் விருப்பம். அதனால்தான் அக்கா என்னைக் கேட்டார். கட்டாயமாக இருந்திருந்தால் கேட்கவே தேவையில்லை அல்லவா?

செய்தி வந்த நாளிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சண்டை. "ஃபின்லாந்துல ஏழு வயசு", "இங்கிலாந்துல நாலு வயசு" என்று ஆளுக்கொரு நாட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஃபின்லாந்தில் பிள்ளை ஏழு வயதை எட்டும் ஆண்டில்தான் பள்ளி. ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டுப் பாலர் கல்வி 2015 முதல் அங்கே கட்டாயம். இங்கிலாந்தில் நான்கு வயது நிறைந்த பிள்ளைகள் போகும் வகுப்பைப் பார்த்தால் நம் பாலர் பள்ளி மாதிரிதான் இருக்கும். வாசலில் இருக்கும் வயது எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

சரி, இப்போது ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். நான் பொறியியல் மாணவன். எதையும் கணக்கு போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும்.

எந்த வயதை வைத்தாலும் ஆண்டுக்கு ஒரு முறைதான் பள்ளி திறக்கிறது. ஆகவே எந்த வகுப்பிலும் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறத்தாழ 12 மாத வித்தியாசம் இருந்தே தீரும். ஜனவரி தொடக்கத்தில் பிறந்தவர் மூத்தவர். டிசம்பர் கடைசியில் பிறந்தவர் கடைக்குட்டி. கோட்டை முன்னே தள்ளினாலும் பின்னே தள்ளினாலும் இந்த 12 மாதம் போகாது.

இப்போது அந்த 12 மாதத்தை டிசம்பர் பிள்ளையின் வயதால் வகுத்துப் பாருங்கள். இப்போதைய முறையில் முதலாம் ஆண்டு தொடங்கும்போது டிசம்பர் பிள்ளையின் வயது 72 மாதம். 12ஐ 72ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. அதாவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஜனவரிப் பிள்ளை, இந்தப் பிள்ளை வாழ்ந்த மொத்த வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்திருக்கிறது. அவ்வளவு கூடுதலாகப் பேச்சைக் கேட்டிருக்கிறது, விரலை ஆட்டியிருக்கிறது, விழுந்து எழுந்திருக்கிறது. புதிய முறையில் டிசம்பர் பிள்ளைக்கு 60 மாதம். ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து வயதுப் பாலர் வகுப்பில் 48 மாதம். நான்கில் ஒரு பங்கு! ஐந்தாம் படிவம் போகும்போது அதே 12 மாதம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்போது யார் மூத்தவர் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே சேர்க்கும் வயதைக் குறைக்கக் குறைக்க, அதே 12 மாத இடைவெளி பெரிதாகிறது. "ஐந்து வயசுல பாலர் பள்ளி" என்று தலைப்புச் செய்தியில் படிக்கும்போது நம் கண்ணுக்கு ஐந்து வயதுப் பிள்ளை தெரிகிறது. வகுப்பறையில் முதல் நாள் நிற்பவர்களில் சிலருக்கு நான்கு வயது முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும்.

என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்க முடியாது. நான் ஜனவரி மாதம் 9ஆம் தேதி பிறந்தவன். என் தம்பி டிசம்பர் 30. ஒரே வீடு, ஒரே அம்மா அப்பா, ஒரே தமிழ்ப்பள்ளி, என் பழைய சட்டை அவனுக்கு. நான் முதலாம் ஆண்டுக்குப் போனபோது எனக்கு ஏழு வயது முழுசாக ஆகப் போகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இரண்டாம் வாரமே வகுப்புத் தலைவன். தம்பி போனபோது ஆறு வயது முடிந்து இரண்டே நாள். பென்சிலைக் கரண்டி மாதிரிப் பிடிப்பான். 'அ' எழுதச் சொன்னால் சுழி எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழிப்பான். மார்ச் மாதத்துக்குள் அவனைக் குறைநீக்கல் வகுப்பில் போட்டுவிட்டார்கள். அம்மாவைக் கூப்பிட்டு, "பெரியவன் மாதிரி இல்லம்மா, சின்னவன் கொஞ்சம் மந்தம்" என்று ஒரு ஆசிரியை சொன்னார்.

அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் பத்து வருசம் இருந்தது. "அவன் மெதுவாத்தான் வருவான்" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லுவார், அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு. அவனும் அதை நம்பினான். நானும் நம்பினேன். சொல்லப்போனால் நான்தான் அதிகம் நம்பினேன். அவன் மந்தம் என்றால் நான் கெட்டிக்காரன் என்று ஆகிறது அல்லவா. இன்று அவன் பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். என் லேப்டாப் பழுதானால் அவனிடம்தான் கொடுக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று எனக்கு வந்த கேள்வி கொஞ்சம் வலித்தது. நான் வாங்கிய பரிசுகளில் எவ்வளவு என் அறிவு, எவ்வளவு ஜனவரி?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் பல நாடுகளின் மாணவர் மதிப்பெண்களை எடுத்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நான்காம் வகுப்பில் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளைவிட 4 முதல் 12 இடம் முன்னால் நின்றார்கள். எட்டாம் வகுப்பில்கூட 2 முதல் 9 இடம். குறைகிறது, ஆனால் மறையவில்லை. வயது வித்தியாசம் சுருங்கிய பிறகும் ஏன் மிச்சம் இருக்கிறது? நான் புரிந்துகொண்டது இதுதான். முதலில் முந்திய பிள்ளைக்கு நல்ல வரிசை, மேடை, பாராட்டு எல்லாம் கிடைக்கின்றன. பிந்திய பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் கிடைக்கிறது. மாதங்கள் கரைந்தாலும் பட்டப்பெயர் கரைவதில்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கலக்கமானது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் செப்டம்பர் 1 தான் கோடு. அங்கே ஆகஸ்டில் பிறந்தவர் வகுப்பில் கடைக்குட்டி, செப்டம்பரில் பிறந்தவர் மூத்தவர். 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு, அந்த மாநிலங்களில் ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் முத்திரை குத்திய பிள்ளைகளை எண்ணியது. ஆகஸ்ட் பிள்ளைகளில் பத்தாயிரத்துக்கு 85 பேர், செப்டம்பர் பிள்ளைகளில் பத்தாயிரத்துக்கு 64 பேர். ஆகஸ்ட் 31க்கும் செப்டம்பர் 1க்கும் இடையில் மூளையில் ஒன்றும் மாறிவிடாது. வகுப்பில் சின்னவனாக இருப்பதால் வரும் துறுதுறுப்பைச் சில சமயம் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தம்பியின் பென்சில் விஷயத்துக்கும் காரணம் இருக்கிறது. பிறக்கும்போது நம் மணிக்கட்டில் எலும்பாக இறுகியது ஒன்றும் இருக்காது, எல்லாம் குருத்தெலும்பு. எட்டுச் சிறு எலும்புகளும் ஒவ்வொன்றாக இறுகி முடியவே பத்து, பன்னிரண்டு வயது ஆகிவிடும். ஐந்து வயதுக் கையை ஆறு வயதுக் கையாக்க எந்தப் பயிற்சிப் புத்தகத்தாலும் முடியாது. களிமண் உருட்டுவது, மணலில் வரைவது, பல்லாங்குழி ஆடுவது, இவையெல்லாம் அந்தக் கைக்கு ஏற்ற பாடம். நம் நாட்டுப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டுவழிக் கற்றலைத்தான் வலியுறுத்துகிறது. நடைமுறையில் பெற்றோர் "எத்தனை பக்கம் எழுதினான்?" என்று கேட்கிறார்கள். பாலர் பள்ளி நடத்துபவர்களும் எழுத வைக்கிறார்கள். யாரைக் குறை சொல்வது?

கிண்டர்கார்டன் என்ற ஜெர்மன் சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். ஃபிரீட்ரிக் ஃபுரோபல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தொடங்கிய பள்ளிக்கு 1840இல் அந்தப் பெயரைச் சூட்டினார். நம் பாட்டிமாருக்குத் தோட்டம் என்றால் வேறு பொருள். ரப்பர்ப் பால். என் பாட்டி வளர்ந்தது ஆயாக் கொட்டகையில். விடியற்காலையில் அம்மாக்கள் பால்மரம் சீவப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். துணித் தொட்டில் வரிசையாகத் தொங்கும், ஓர் ஆயா எல்லாரையும் பார்த்துக்கொள்வார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஏழு வயதுக்கு முன்னால்? கொட்டகைதான். அதில் படிப்பு கிடையாது. எனவே "அந்தக் காலத்துல ஏழு வயசுலதான் போனோம், நல்லாத்தானே இருந்தோம்" என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. ஏழு வயது வரை விளையாடியதால் பாட்டி தலைமுறை நன்றாகப் படித்துவிடவில்லை. பாதிப் பேர் படிக்கவே இல்லை.

இதனால்தான் ஐந்து வயதுப் பாலர் பள்ளி எல்லாருக்கும் என்ற பகுதியை நான் ஆதரிக்கிறேன். தனியார் பாலர் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் முதலாம் ஆண்டு முதல் நாள்தான் முதல்முறையாகப் பென்சில் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஓர் இடமும் நல்ல ஆசிரியரும் கிடைத்தால் பெரிய விஷயம். அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு துணையாளர். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இது ஏற்கெனவே இருக்கிறது. இல்லாத பள்ளிகளில் இடம் கேட்பதில்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இப்போது மும்முரமாக இருக்க வேண்டும்.

எனக்குப் பயம் மாறுகிற ஆண்டைப் பற்றித்தான். 2027 ஜனவரியில் முதலாம் ஆண்டு வாசலில் யார் யார் நிற்பார்கள்? வழக்கப்படி ஏழு வயதை எட்டும் 2020 பிள்ளைகள். கூடவே விருப்பப்பட்டு வரும் 2021 பிள்ளைகள். 2020 ஜனவரியில் பிறந்தவருக்கு 84 மாதம், 2021 டிசம்பரில் பிறந்தவருக்கு 60 மாதம். ஒரே வகுப்பில் 24 மாத இடைவெளி! சின்னப் பிள்ளையின் வயதில் இது ஐந்தில் இரண்டு பங்கு. பொறியியலில் இதை இடைநிலைக் கட்டம் என்போம். ஓர் இயந்திரம் ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு மாறும் அந்தச் சில நொடியில் உடையக்கூடும். இரண்டு வேகத்திலும் அது நன்றாகவே ஓடக்கூடியதுதான்.

மற்ற நாடுகள் இந்த இடத்தில் என்ன செய்தன என்று பாருங்கள். கலிபோர்னியாவில் கிண்டர்கார்டன் சேர்க்கும் வயதைக் கொஞ்சம் உயர்த்த 2010இல் சட்டம் வந்தது. டிசம்பர் 2 என்றிருந்த கோட்டை ஒரே அடியாகச் செப்டம்பர் 1க்குத் தள்ளவில்லை. 2012, 2013, 2014 என்று ஆண்டுக்கு ஒரு மாதமாக நகர்த்தினார்கள். கோட்டுக்கு வெளியே விழுந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. அவர்களுக்கென்றே இடைநிலைக் கிண்டர்கார்டன் என்று ஒரு வகுப்பை உருவாக்கினார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த வடிவமைப்பு.

தென்கொரியா நம்மைப் போலவே ஓராண்டு குறைக்கப் பார்த்தது. 2022 ஜூலை கடைசியில் அறிவிப்பு வந்தது. நான்கு ஆண்டுகளில் மூன்று மூன்று மாதமாக, அதாவது ஒவ்வோர் ஆண்டும் 15 மாதப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது என்பது திட்டம். கணக்கு அழகானது. ஆனால் பெற்றோரையும் பாலர் பள்ளி ஆசிரியர்களையும் முதலில் கேட்கவில்லை. வீதியில் இறங்கிவிட்டார்கள். ஆகஸ்ட் 8ஆம் தேதி கல்வி அமைச்சர் பார்க் சூன்-ஏ பதவி விலகினார். திட்டமும் போனது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2007இல் சேர்க்கும் வயதை ஆறு மாதம் உயர்த்தியது. அதனால் அந்த ஓராண்டில் மட்டும் பாதிப் பிள்ளைகள்தான் பள்ளியில் சேர்ந்தார்கள். அந்தப் பாதி வகுப்பு அப்படியே பன்னிரண்டு ஆண்டு நகர்ந்து 2019இல்தான் பள்ளியை முடித்தது. கனடாவின் ஒன்டாரியோவில் நேர்மாறு. அங்கே பதின்மூன்றாம் ஆண்டை எடுத்ததால் 2003இல் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒன்றாகப் பல்கலைக்கழக வாசலில் நின்றார்கள். நம் நாட்டில் 2027இல் நுழையும் வகுப்பு 2037இல் எஸ்.பி.எம். எழுதும். அன்றைக்கு மெட்ரிகுலேசன், ஆறாம் படிவம், உபகாரச் சம்பளம் எல்லாவற்றுக்கும் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம் நிற்கும். நம் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு பற்றி ஒவ்வோர் ஆண்டும் அழுகிறோமே, அந்த ஓராண்டைப் பற்றி இப்போதே பேச ஆரம்பிக்கலாம். 11 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தேசியப் பள்ளிப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டில் மலாய், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே எழுத்து முறை, ரோமன். நம் பிள்ளைக்கு மூன்று மொழி, இரண்டு எழுத்து முறை. அதில் ஒன்றில் 247 எழுத்து. ஏழு வயதுப் பிள்ளை இதைச் சமாளிக்கும், நாமெல்லாம் சமாளித்தோம். 60 மாதப் பிள்ளை, பாலர் பள்ளியில் ஒரே ஓர் ஆண்டு இருந்துவிட்டு வந்து சமாளிக்குமா? சில பிள்ளை சமாளிக்கும். சில பிள்ளை திணறும். அப்புறம் ஆறாம் ஆண்டு முடிந்து மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லையென்றால் புகுமுக வகுப்பில் ஓராண்டு. "ஒரு வருசம் மிச்சம்" என்று அக்காவிடம் சொன்னேனே, அந்த மிச்சம் அங்கே போய்விடும். புகுமுக வகுப்பு போனவர்கள் யாரும் குறைந்தவர்கள் இல்லை, என் நெருங்கிய நண்பனே போனவன். ஆனால் ஐந்து வயதில் அவசரப்பட்டு, பதினொரு வயதில் காத்திருப்பதற்கு ஐந்து வயதிலேயே காத்திருக்கலாமே?

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நம் சின்னத் தமிழ்ப்பள்ளிகளில், குறிப்பாகத் தோட்டப் பக்கத்துப் பள்ளிகளில், பிள்ளைகள் குறைவு என்பதால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் உண்டு. அந்த ஆசிரியர்களுக்கு 24 மாத இடைவெளி புதிதில்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான், ஆசிரியர் நடுவில் நடப்பார். நாம் அந்தப் பள்ளிகளைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். 2027இல் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கோயிலிலும் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. விஜயதசமி அன்று ஏடு தொடங்க வரும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று வயதும் வரும், ஐந்து வயதும் வரும். அரிசித் தட்டில் குருக்கள் விரலைப் பிடித்து எழுத வைப்பார். சில பிள்ளை அழுது அரிசியைக் கொட்டிவிடும். யாரும் கோபிப்பதில்லை. "பரவால்ல, அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க" என்பார். அடுத்த வருசமும் விஜயதசமி வரும். அந்தப் பிள்ளைக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

ஆனால் நாம் நடத்தும் ஞாயிறு வகுப்பில் அப்படி இல்லை. எங்கள் கிளைப் பதிவேட்டை அன்றைக்கு முழுசாகப் புரட்டினேன். திருமுறை ஓதும் போட்டிக்கு நாங்கள் மேடையேற்றும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் பாதியில் பிறந்தவர்கள். பின் வரிசையில் உட்கார வைத்து "நீ சும்மா கேளு" என்று நான் சொல்லியிருந்தவர்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர் நிறைய. தம்பிக்கு அந்த ஆசிரியை செய்ததை நானும் செய்துகொண்டிருந்திருக்கிறேன், அன்பாக.

அதனால் இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். ஏழு வயதுக்குக் கீழ் என்றிருந்த போட்டிப் பிரிவை ஜனவரி-ஜூன், ஜூலை-டிசம்பர் என்று இரண்டாக்கிவிட்டோம். கோப்பை செலவு கொஞ்சம் கூடும், சமாளிக்கலாம். பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வயதை மாதக் கணக்கில் எழுதுகிறோம். "இவன் 58 மாதம்" என்று பார்த்தவுடன் ஆசிரியரின் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. நம்பவில்லையென்றால் உங்கள் கிளையில் ஒரு மாதம் செய்து பாருங்கள்.

அக்காவை மறுபடியும் பார்த்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சில கேள்வி கேட்டேன். பாப்பா கழிவறைக்குத் தனியாகப் போவாளா? அரை மணி நேரம் ஒரே இடத்தில் கதை கேட்பாளா? தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாத ஒருவரிடம் வாய் திறந்து சொல்வாளா? கத்தரிக்கோல் பிடிப்பாளா? எழுத்து தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "கதை கேப்பா. மத்ததெல்லாம் இன்னும் கொஞ்சம் நாளாகும் தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க அப்பா ஒரு வருசம் பாலர் பள்ளிக் கட்டணம் மிச்சமாகும்னு பார்க்கிறாரு" என்றார்.

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அரசாங்கப் பாலர் வகுப்பு இருக்கிறது, கட்டணச் சுமை குறைவு. விண்ணப்பத்தை அன்றே போனில் திறந்து இருவருமாக நிரப்ப ஆரம்பித்தோம். பாப்பா என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, அன்னதானத் துண்டுச் சீட்டின் பின்பக்கம் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். என்ன பாப்பா இது என்று கேட்டேன். "யானை" என்றாள். நான்கு காலும் ஒரே பக்கம் இருந்தன. தும்பிக்கை மட்டும் சரியாக இருந்தது.

அடுத்த மாதப் படிப்பு வட்டத்துக்கு வரும்போது உங்கள் ஞாயிறு வகுப்புப் பதிவேட்டைக் கொண்டு வாருங்கள். பன்னிரண்டு கட்டம் போட்டு, பிள்ளைகளைப் பிறந்த மாதப்படி நிரப்பிப் பார்ப்போம். முன் வரிசை யார், பின் வரிசை யார் என்று வேறு நிறப் பேனாவில் குறித்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.